இன்னும் பேசலியா அவ?

"நான் இன்னும் எதையும் தாளிக்கவே இல்லியே" என்று சொல்லிக்கொண்டு அம்மா கரண்டியோடு ஹாலுக்கு வந்தாள். ஒரு நிமிடம் நின்று டிவியைப் பார்த்தாள். அதில் யாரோ ஒரு பெண்ணின் கை வாணலியில் எதையோ வதக்கிக்கொண்டிருந்தது. "அதானே பாத்தேன். சத்தம் கேக்குது, வாசத்தைக் காணோம்" என்று திரும்பிப் போய்விட்டாள்.

2021இல் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' வெளிவந்த சில வாரங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது இது. மறுநாள் கல்லூரியில் மாணவிகளிடம் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது. குறிப்பேடும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். படம் மொத்தம் 100 நிமிடம். அந்த 100 நிமிடத்தில் அம்மா அவரைக்காய் நறுக்கி, சாம்பார் வைத்து, ரசம் வைத்து, அப்பளம் பொரித்து முடித்திருந்தாள். நடுவில் எனக்கு ஒரு காப்பியும் வந்தது. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டேன். அப்போது திரையில் மாமியார் பற்பசை தடவிய பிரஷ்ஷைக் கொண்டுபோய் மாமனாரின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். 'ஆண் கை நீட்டுகிறது, பெண் கை வைக்கிறது' என்று குறிப்பேட்டில் எழுதினேன். எழுதிவிட்டுக் காப்பியைக் குடித்தேன்.

இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அன்றைக்கு வெட்கம் வரவும் இல்லை. சில வருடங்கள் கழித்து, வேறொரு படத்தின்போதுதான் அந்தக் காப்பி ஞாபகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அம்மா அந்தப் படத்தில் கண்ணால் பார்த்தது கால் மணி நேரம் இருக்கும். மீதியைக் கேட்டாள். ஆனால் இரண்டு கேள்விகள் கேட்டாள். அந்த இரண்டும் நான் படித்த எந்த விமர்சனத்திலும் இல்லை.

முதல் கேள்வி, அடுக்களைத் தொட்டியின் கீழே அழுக்குத்தண்ணீர் ஒழுகும் காட்சிகளைப் பற்றி. பிளம்பரைக் கூப்பிடச் சொல்லி மருமகள் கணவனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவன் மறந்துகொண்டே இருக்கிறான். "அவளுக்கு ஒரு போன் பண்ணத் தெரியாதா? ஏன் அவனையே கேக்குறா?" என்றாள் அம்மா. நான் விளக்க ஆரம்பித்தேன். அம்மா காத்திருக்கவில்லை, அடுப்பில் பால் இருந்தது. போகிற போக்கில் தானே பதிலும் சொன்னாள்: "ஓ, காசு அவன்ட்டல்ல இருக்கும்."

இரண்டாவது கேள்வி உச்சக்காட்சியில் வந்தது. மாலை போட்டு விரதம் இருக்கும் கணவன் மேலும் மாமனார் மேலும் அந்த அழுக்குத்தண்ணீரை ஊற்றிவிட்டு மருமகள் வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ வீடுகளில் பெண்கள் கைதட்டிய இடம் அது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சரி, அதை யாரு கழுவுறது?" என்றாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தத் தலைமுறையே இப்படித்தான், ஒரு பெண் விடுதலையாகும்போதும் தரையைத்தான் பார்க்கும் என்று நினைத்தேன். ஆனால் இயக்குநர் ஜியோ பேபி அதே கேள்வியைக் கேட்டுத்தான் படத்தை முடித்திருக்கிறார். கணவன் மறுமணம் செய்துகொள்கிறான். அவன் குடித்து வைத்த கோப்பையைப் புது மனைவி கழுவுகிறாள். ஒருத்தி வெளியே போனாள். தொட்டிக்கு முன்னால் இன்னொருத்தி நிற்கிறாள். அம்மா கேட்டதற்குப் படம் சொன்ன பதில் இதுதான். அவள் தரையைப் பார்த்ததால்தான் அது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது.

அன்றிலிருந்து அடுக்களையிலிருந்து வரும் பேச்சையும் குறித்துவைக்க ஆரம்பித்தேன். கடந்த சில ஆண்டுகளில் எங்கள் வீட்டு ஹாலில் ஓடிய தொடர்களையும் படங்களையும் பற்றிய கட்டுரை இது. பாதிக் கருத்துகள் என்னுடையவை, பாதி அம்மாவுடையவை. அப்பா இறந்த பிறகு அம்மா மதுரையிலிருந்து சென்னைக்கு எங்களோடு வந்துவிட்டாள். வந்த மூன்றாம் நாள் அடுக்களை அவள் கைக்குப் போய்விட்டது. யாரும் கொடுக்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

திரைப்படத்தைப் பெண்ணியம் பார்க்கத் தொடங்கிய கதையை வகுப்பில் நாங்கள் லாரா மல்வியிலிருந்துதான் ஆரம்பிப்போம். 1975இல் வந்த அவருடைய கட்டுரை, கேமராவின் பார்வை ஆணின் பார்வையாக இருக்கிறது, பெண் பார்க்கப்படுபவளாக நிற்கிறாள் என்று காட்டியது. அதற்குப் பிறகு ஐம்பது வருடமாகக் கண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். யார் பார்க்கிறார்கள், யாரைப் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள். இதெல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருட்டு அரங்கில் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் பார்க்கும் ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் உண்டு. என் கணவர் கிரிக்கெட் பார்க்கும்போது யாரும் அவரைக் கறிவேப்பிலை உருவச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

அம்மா காதால் பார்ப்பவள். அவளுக்காகவே எடுக்கப்பட்டவை சீரியல்கள்.

இதை நான் ஏளனமாகச் சொல்லிக்கொண்டிருந்த காலமும் உண்டு. சீரியலில் ஏன் எல்லாவற்றையும் வாயால் சொல்கிறார்கள்? ஒருத்தி பெட்டியோடு படி இறங்குவாள். திரையில் பெட்டி தெரிகிறது, படி தெரிகிறது. ஆனாலும் சோபாவில் இருப்பவர், "என்ன, பெட்டியும் கையுமா கிளம்பிட்ட?" என்று கேட்டாக வேண்டும். ஹாலில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த வசனம் அசட்டுத்தனம். அடுக்களையில் வெங்காயம் உரிப்பவளுக்கு அந்த வசனம்தான் பெட்டி. ஒரே அதிர்ச்சிக்கு ஐந்து முகங்களைக் காட்டி, ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் இடி இடிப்பது எனக்குக் கேலி. அம்மாவுக்கு அது அழைப்பு மணி. இடி விழுந்தால் அடுப்பைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்க்கலாம். எட்டிப் பார்ப்பதற்குள் காட்சி ஓடிவிடாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

டானியா மாட்லெஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982இல் வெளியான தன் புத்தகத்தில், பகல்நேரத் தொடர்களின் வடிவமே வீட்டு வேலையின் தாளத்தில் அமைந்தது என்று எழுதினார். வீட்டிலிருக்கும் பெண்ணின் வேலை நடுநடுவே அறுபடுவது. ஒரே நேரத்தில் பல பேருடைய தேவைகளைக் கவனிப்பது. தொடரும் அப்படியே பல கதைகளுக்கிடையே தாவித் தாவிப் போகிறது, அறுபட்டு அறுபட்டுப் போகிறது. இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த வடிவம் 1930களில் அமெரிக்க வானொலியில் பிறந்தது. சோப்புக் கம்பெனிகள் விளம்பரம் கொடுத்ததால்தான் சோப் ஒபேரா என்று பெயரே வந்தது. துணி துவைத்துக்கொண்டு கேட்பவளுக்குச் சோப்பு விற்பதற்காக உண்டான கதை அது. தொலைக்காட்சிக்கு வந்து இத்தனை காலம் ஆனபிறகும் அதன் ஒரு கால் வானொலியிலேயே நிற்கிறது.

2022 பிப்ரவரியில் சன் டிவியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்' எங்கள் வீட்டில் இரவு ஒன்பதரைக்கு ஓடும். மதுரைக்காரக் குடும்பம், படித்த நான்கு மருமகள்கள், அவர்களை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கும் மூத்த அண்ணன் ஆதி குணசேகரன். இயக்கியவர் திருச்செல்வம், 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' தொடரும் அவருடையதே. ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று நான்கு பேரையும் அம்மா குரலை வைத்தே சொல்லிவிடுவாள். யார் அழுகிறார்கள், யார் அழுவதுபோலப் பேசிக் காரியம் பார்க்கிறார்கள் என்பதும் அவளுக்குச் சத்தத்திலேயே தெரியும்.

ஆனால் காதால் பார்க்கும் வடிவத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. சத்தம் அதிகமுள்ளவன் கதையை எடுத்துக்கொள்வான். நான்கு பெண்கள் எதிர்த்து நீந்தும் கதை என்று பெயர் வைத்தார்கள். வீடு முழுக்க நிறைந்தது குணசேகரனின் குரல். மாரிமுத்து அந்தப் பாத்திரத்தைச் செய்தபோது அவருடைய அதட்டல் தமிழ்நாட்டுக் கைபேசிகளிலெல்லாம் சிரிப்புத் துணுக்காகப் பரவியது. என் மாணவிகளே ஒருவரையொருவர் அப்படி அதட்டிச் சிரிப்பார்கள். அந்த நான்கு பெண்களில் ஒருத்தியின் ஒரு வாக்கியம்கூட அப்படிப் பரவவில்லை. அவர்களின் பேச்சு, அடுக்களையில் நின்று தாழ்ந்த குரலில் பேசும் பேச்சு. நம் அடுக்களையின் விசில் சத்தத்தில் அது அமுங்கிவிடும்.

இன்னோர் ஆபத்து கணக்கில் இருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் கதை நடக்கவேண்டும் என்றால் குணசேகரன் தோற்கக் கூடாது. அப்பத்தாவின் பெயரிலிருந்த நாற்பது சதவீதச் சொத்துக்காக எத்தனை மாதம் இழுத்தார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மருமகள்கள் வாசல் வரைக்கும் வருவார்கள், மறுபடி உள்ளே போவார்கள். ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியேற 100 நிமிடம் போதும் என்று ஒரு மலையாளப் படம் சொன்னது. அந்தத் தொடரின் பெண்கள் நூற்றுக்கணக்கான அத்தியாயங்களாக வாசலிலேயே நின்றார்கள். நாளைக்கு மறுபடி பார்க்கவைக்க வேண்டுமென்றால் இன்றைக்கு அவள் தோற்றாக வேண்டும் என்ற ஏற்பாட்டில், எத்தனை பெண்ணியம் பேசினாலும் கடைசியில் லாபம் குணசேகரனுக்குத்தான்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. "அது தெரிஞ்சதுதானே" என்றாள். தெரிந்தும் ஏன் பார்க்கிறாள் என்பது ஒரு நாள் தற்செயலாகப் புரிந்தது. பத்து மணிக்குத் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். அம்மா மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஹாலில் குணசேகரன் கத்திக்கொண்டிருந்தார். அம்மா துணியைப் பிழிந்துகொண்டே, "வாயை மூடுறா. நீயா சம்பாதிச்ச? உங்கப்பன் சொத்துடா" என்றாள். மெதுவாக இல்லை, அவருக்குக் கேட்கிற மாதிரி. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அப்பா நல்லவர்தான். கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அவர் பேசும்போது அம்மா பதில் பேசி நான் கேட்டதில்லை. அதட்டும் ஓர் ஆண்குரலுக்கு அம்மா திருப்பிக் கொடுத்ததை என் நாற்பத்திரண்டு வயதில்தான் முதல்முதலாகக் கேட்டேன். அதுவும் ஒரு டிவி பெட்டியிடம். சீரியல் பெண்களைக் கெடுக்கிறது என்று ஒரு கூட்டத்தில் நானே பேசியிருக்கிறேன். பேசும்போது இந்தக் காட்சி எனக்குத் தெரியாது.

2023 செப்டம்பர் 8 அன்று மாரிமுத்து மாரடைப்பால் இறந்தார். அந்தத் தொடருக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சில் வலி வந்தது. அம்மா அன்றைக்கு உண்மையிலேயே வருத்தப்பட்டாள். பிறகு வேறு நடிகர் வந்தார். தொடர் 2024 ஜூன் வரை நடந்தது. அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் திருப்பித் திட்டுவது நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "பழகுன ஆளைத்தானே திட்ட முடியும்" என்றாள்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' 2024 ஆகஸ்டில் வந்தது. ஓடிடியில் வந்ததும் வீட்டில் போட்டேன். மீனா என்ற பெண் வேற்றுச் சாதிக்காரன் ஒருவனை விரும்புகிறாள். அவளுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, முறைமாமன் பாண்டியும் உறவினர்களும் அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள். படம் முழுக்க அந்தப் பயணம்தான். மீனாவாக அன்னா பென், பாண்டியாகச் சூரி. மீனா அநேகமாகப் பேசுவதே இல்லை. படத்துக்குப் பின்னணி இசையும் இல்லை.

அடுக்களையிலிருந்து பார்க்க முடியாத படம் இது. வண்டிச் சத்தமும் காற்றும் சேவலின் கொக்கரிப்பும் கேட்கும். எப்போது எட்டிப் பார்க்கவேண்டும் என்று சொல்ல ஓர் இடியும் இடிக்காது. அம்மா முதல்முறை வந்து, "இன்னும் பேசலியா அவ?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இருபது நிமிடம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இன்னுமா பேசல?" என்றாள். மூன்றாவது முறை வந்தபோது நான் கொஞ்சம் கடுமையாக, "அம்மா, இது அப்படிப்பட்ட படம் இல்ல. பொறுமையா உக்காந்து பாக்கணும்" என்றேன்.

"உக்காந்தா சாப்பாடு?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. மணி ஒன்று ஆகியிருந்தது, உலை கொதித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தக் காப்பி எனக்கு ஞாபகம் வந்தது.

பொறுமையாகப் பார்க்கவேண்டிய படம் என்று நாம் எத்தனை முறை எழுதுகிறோம். பொறுமை என்றால் நேரம். உட்கார்ந்து, கைபேசியைத் தள்ளிவைத்து, யாருக்கும் எதுவும் எடுத்துக்கொடுக்காமல் இருக்கும் நேரம். அது யாரிடம் இருக்கிறது என்று கேட்காமலே, பொறுமை இல்லாதவர்களுக்கு ரசனை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். மத்திய அரசு 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளைச் செய்பவர்களில் ஒரு பெண் நாளொன்றுக்கு 289 நிமிடம் அதற்குக் கொடுக்கிறாள். ஆண் 88 நிமிடம் கொடுக்கிறான். 2019இல் அது 299ஆகவும் 97ஆகவும் இருந்தது. ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களும் ஒன்பது நிமிடத்தைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்.

பெல்ஜியத்தின் ஷாந்தால் ஆக்கர்மான் தன் இருபத்து நான்காம் வயதில் எடுத்த 'ழான் டீல்மன்' படம், மல்வியின் கட்டுரை வந்த அதே 1975இல் வெளியானது. ஒரு விதவையின் மூன்று நாள் வீட்டு வேலை. உருளைக்கிழங்கு உரிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வெட்டப்படாமல், அந்தந்த வேலைக்கு ஆகும் நேரத்திலேயே ஓடும். மொத்தம் 201 நிமிடம். 2022இல் சைட் அண்ட் சவுண்ட் இதழ் நடத்திய வாக்கெடுப்பில், உலகின் சிறந்த படமென்று முதலிடம் பிடித்தது. ஒரு பெண் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல்முறை. மகத்தான படம், சந்தேகமில்லை. நான் அதை நான்கு இரவுகளில் துண்டு துண்டாகப் பார்த்து முடித்தேன். வீட்டு வேலையின் நேரத்தை வெட்டாமல் காட்டும் ஒரு படத்தை, வீட்டு வேலை செய்பவளால் வெட்டாமல் பார்க்க முடிவதில்லை. இது ஆக்கர்மானின் குற்றமல்ல, வினோத்ராஜின் குற்றமுமல்ல. அவர்களுடைய படங்கள் இருக்கிறபடியே இருக்கவேண்டும். 'கொட்டுக்காளி'க்கு வயலின் போட்டிருந்தால் அது செத்திருக்கும். நான் சொல்வது நம்மைப் போன்ற விமர்சகர்களைப் பற்றி. படத்துக்குள் பெண்ணின் உழைப்பைத் தேடிக் கண்டுபிடித்து எழுதும் நாம், அந்தப் படத்தை நாம் பார்த்து முடிக்க உதவிய உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அம்மா ஹாலில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை பார்த்தது ஒரே ஒரு தொடரைத்தான்: முத்துக்குமார் இயக்கி 2023 ஜனவரியில் ஜீ5இல் வந்த 'அயலி'. எட்டுப் பகுதிகள். 1990களின் புதுக்கோட்டைப் பக்கம், வீரப்பண்ணை என்ற கற்பனைக் கிராமம். வயதுக்கு வந்த பெண் பள்ளிக்கூடம் போகக் கூடாது, கல்யாணம்தான் என்பது ஊர்க் கட்டுப்பாடு. டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயதுக்கு வந்ததையே மறைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். ஒரு கட்டத்தில் அது அம்மா குருவம்மாளுக்குத் தெரிகிறது. அதன்பிறகு மறைப்பது இரண்டு பேரின் வேலையாகிறது.

விமர்சகியாக எனக்கு 'அயலி'யில் குறைகள் தெரிந்தன. பல இடங்களில் பாத்திரங்கள் மேடையில் நிற்பதுபோல நியாயம் பேசுகிறார்கள். ஊர் ஆண்கள் சில சமயம் கேலிப்படம் போல இருக்கிறார்கள். முடிவு மிக வேகமாகச் சரியாகிவிடுகிறது. சீரியலின் பழக்கம் விட்டுப்போகாத படைப்பு என்று குறிப்பில் எழுதினேன். அந்தப் பழக்கம்தான் அம்மாவை உள்ளே கூப்பிட்டது என்பதையும் எழுதியாக வேண்டும். முதல் பகுதியை அடுக்களையிலிருந்துதான் கேட்டாள். வசனம் உரக்க இருந்தது, கதை தெளிவாக இருந்தது, கேட்டாலே புரிந்தது. இரண்டாம் பகுதி தொடங்கும்போது அங்கிருந்து குரல் வந்தது: "நிப்பாட்டு. அடுப்பை அணைச்சிட்டு வர்றேன்."

அம்மா எதையும் நிப்பாட்டச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்த டிவி நிற்காது. அதன் பின்னால் அவள்தான் ஓடவேண்டும். நிறுத்தக்கூடிய காலம் வந்தபிறகும் ரிமோட் எங்கள் கையில்தான் இருந்தது. அன்றைக்குச் சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதமானது. ஒருவரும் சாகவில்லை.

குருவம்மாளாக அனுமோல் வரும் காட்சிகளில் அம்மா கண்ணை எடுக்கவில்லை. மகளாக நடித்த அபி நக்ஷத்ராவை எல்லோரும் பாராட்டினார்கள், நானும்தான். அம்மா கவனித்தது தாயை. "அவதான் ரொம்பப் பயப்படுறா. பயந்துக்கிட்டே செய்றா பாரு" என்றாள். மறைத்த துணியை யார் துவைத்தார்கள், எங்கே காயப்போட்டார்கள் என்று கேட்டாள். நான் கதாநாயகியின் துணிச்சலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தத் துணிச்சலுக்கு வீட்டில் யார் வேலை செய்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அது எனக்கு எப்போதுமே தெரியும். ஏன் நின்றாள் என்று கேட்டதில்லை. எட்டாம் பகுதி முடிந்த இரவுகூடக் கேட்கவில்லை. அவள் தானாகவே, "எங்கம்மாவுக்கு இவ்வளவு தைரியம் இல்ல, பாவம்" என்று மட்டும் சொன்னாள்.

போன மாதம் 'கொட்டுக்காளி'யை மறுபடி போட்டேன். இந்தத் தடவை சனிக்கிழமை மாலை. இட்லி மாவு இருந்தது, சட்னியை முன்னாலேயே அரைத்துவைத்துவிட்டேன். "பசிச்சா அவரவர் ஊத்திக்கலாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டு அம்மாவை உட்கார வைத்தேன். முதல் பத்து நிமிடம் இரண்டு தடவை எழுந்தாள். பழக்கம். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தபோது அவள் பார்த்தவை நான் முதல் தடவை தவறவிட்டவை. பாண்டிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பு பூசியிருக்கிறான். படம் முழுக்கக் கரகரத்த குரலில் கத்துகிறான். "இவனுக்குக் குரலே வரல, ஆனாலும் கத்துறான். அவளுக்குக் குரல் இருக்கு, பேசல" என்றாள். குணசேகரனை ஆண்டுக்கணக்கில் கேட்டவள் கண்டுபிடித்தது அது. ஒரு பாட்டை மீனாவின் உதடு முணுமுணுத்ததற்காகப் பாண்டி வெறிபிடித்தவன்போல அடிக்கிறான், தடுக்க வந்த பெண்களுக்கும் அடி விழுகிறது. அம்மா வாயே திறக்கவில்லை. டிவியில் கத்துபவனைத் திட்டுவாளே, திட்டவில்லை. வழியை மறித்து ஒரு காளை நிற்கிறது. ஆண்கள் எல்லோரும் திகைத்து நிற்கிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். அங்கே மட்டும் சிரித்தாள்.

சாமியாடியின் இடத்தில் இன்னொரு பெண்ணுக்கு நடப்பதைப் பாண்டி பார்க்கிறான். அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது. "முடிஞ்சிருச்சா?" என்றாள் அம்மா. முடிந்தது என்றேன். "கடைசிவரை பேசலியே" என்று நானே எடுத்துக்கொடுத்தேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "பேசாம இருந்ததுதான் சரி. பேசுனா, பேய் பேசுதுன்னுல்ல சொல்லுவானுக."

முதல் முறை பார்த்தபோது மீனாவின் மௌனத்தைப் பற்றி மாணவிகளிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். எதிர்ப்பின் மௌனம், மறுப்பின் மௌனம் என்றெல்லாம் பிரித்துக் காட்டினேன். பேய் என்று முடிவானபிறகு ஒரு பெண்ணின் பேச்சு அவளுடைய பேச்சாகவே இருக்காது, பேசினால் அந்தச் சொல்லும் அவர்களுக்குத்தான் போய்ச்சேரும் என்பது எனக்குத் தோன்றவில்லை. மூன்று தடவை கையைத் துடைத்துக்கொண்டு வந்து "இன்னும் பேசலியா அவ?" என்று கேட்டவளுக்கு, ஒரே ஒரு தடவை உட்காரக் கிடைத்தபோது தோன்றியது.

இதைப் படிக்கும் மாணவிகள் பலர் நாளை ஏதாவது ஒரு படத்துக்கு விமர்சனம் எழுதுவீர்கள். இயக்குநர் பெயர், ஒளிப்பதிவாளர் பெயர், எத்தனை நிமிடம் எல்லாம் போடுவீர்கள். அந்த நிமிடங்களில் உங்கள் வீட்டில் யார் சமைத்தார்கள் என்றும் ஒரு வரி எழுதிப் பாருங்கள். அச்சில் வராவிட்டாலும் பரவாயில்லை. பிறகு அவரிடம் போய், காதில் விழுந்தவரைக்கும் என்ன நினைத்தார் என்று கேளுங்கள். முடிந்தால் அடுத்த தடவை நிப்பாட்டுங்கள்.

அந்தச் சனிக்கிழமை இரவு எல்லோரும் இட்லி ஊற்றிச் சாப்பிட்டோம். என் கணவரும் மகனும் அவரவர் தட்டை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார்கள், அதைப் பெரிய காரியமாகச் சொல்லிக்கொண்டார்கள். நான் இந்தக் கட்டுரைக்குக் குறிப்பெழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்து நிமிர்ந்தபோது பதினொரு மணி. அடுக்களையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.